வானத்துல ஒரு செவ்வகம்: ராத்திரி போட்டோவுக்குப் பகல்லயே ஃப்ரேம் போடுவது எப்படி?



நிலா, கோள்களைத் தாண்டி இருக்கிற நெபுலா, கேலக்ஸி, நட்சத்திரக் கொத்து இதையெல்லாம் படம் எடுக்கிறதுக்குப் பேரு டீப் ஸ்கை ஆஸ்ட்ரோபோட்டோகிராஃபி. யூடியூப்ல இதைப் பத்தித் தேடினா பெரும்பாலும் எக்ஸ்போஷர், ஐஎஸ்ஓ, ஸ்டாக்கிங், எடிட்டிங் பத்தித்தான் பேசுவாங்க. இந்தக் கட்டுரை அதுக்கெல்லாம் முந்தின ஒரு ஸ்டெப்பைப் பத்தி. கேமராவைப் பையில வைக்கிறதுக்கு முன்னாடி, ஹாஸ்டல் ரூம்ல லேப்டாப் முன்னாடி உட்கார்ந்து, வானத்துல எந்த இடத்துல, எவ்வளவு பெரிய செவ்வகம், எந்தச் சாய்வுல போடப்போறோம்னு முடிவு பண்றது. இதுக்குத்தான் ஃப்ரேமிங் பிளான்னு பேரு.

தேவையான கணக்கு பிளஸ் டூ டிரிக்னாமெட்ரிதான். பயப்படாம படிங்க.

ஏன் இவ்ளோ மெனக்கெடணும்?

எக்ஸ்போஷர் பத்தலைன்னா இன்னொரு ராத்திரி போய் இன்னும் ஒரு மணி நேரம் சேர்க்கலாம். நாய்ஸ் இருந்தா ஸ்டாக்கிங்ல குறைக்கலாம். கலர் சரியில்லன்னா எடிட்டிங்ல திருத்தலாம். ஆனா ஃப்ரேமுக்கு வெளியே போன வானத்தை எந்த சாஃப்ட்வேராலயும் உள்ளே கொண்டுவர முடியாது. மறுநாள் போய் ஃப்ரேமை மாத்தி எடுத்தா, முதல் நாள் எடுத்த படங்களோட அது முழுசா பொருந்தாது. ரெண்டு ராத்திரி உழைப்புல பொதுவான பகுதி மட்டும்தான் மிஞ்சும்.

சரி, நமக்கு எத்தனை ராத்திரி கிடைக்குதுன்னு எண்ணிப் பாருங்க. ஓரியன் நெபுலாவை எடுத்துக்குவோம். டிசம்பர் நடுவுல அது நள்ளிரவுல உச்சிக்கு வரும். ஆனா தமிழ்நாட்டுல அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை. மிச்சம் ஜனவரி, பிப்ரவரி, மார்ச். நிலா வெளிச்சம் இல்லாத ராத்திரி வேணும்னா அமாவாசையை ஒட்டித்தான் போகணும். அப்போ வருஷத்துக்கு மூணு அமாவாசை. அதுல ஒண்ணு இன்டர்னல்ஸ் வாரத்துல வரும், ஒண்ணுல மேகம் வரும். கையில நிக்கிறது ஒரே ஒரு ராத்திரி. அந்த ஒரு ராத்திரிக்கு நாலு பேர் காசு போட்டு, லென்ஸை இரவல் வாங்கி, மலைக்குப் போறோம். இருட்டுல நின்னுக்கிட்டு "இது உள்ளே வருமா வராதா"ன்னு யோசிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் எக்ஸ்போஷர் நேரத்துல இருந்து கழியுது.

பகல்ல யோசிச்சா அந்த நேரம் மிச்சம். அவ்வளவுதான் லாஜிக்.

முதல்ல பேப்பர்ல ஒரு கணக்கு

எந்த சாஃப்ட்வேரைத் திறக்கிறதுக்கு முன்னாடியும் ரெண்டே ரெண்டு எண் தெரிஞ்சிருக்கணும்: உங்க கேமரா சென்சாரோட நிஜ அளவு மில்லிமீட்டர்ல, லென்ஸோட ஃபோகல் லெங்த் மில்லிமீட்டர்ல.

கேமரா பார்க்கிற வானத்தோட அகலத்தை டிகிரில சொல்வாங்க. ஃபார்முலா:

பார்வைக் கோணம் = 2 × டேன் இன்வர்ஸ் (சென்சார் அளவு ÷ (2 × ஃபோகல் லெங்த்))

கோணம் சின்னதா இருந்தா இதையே சுருக்கி, 57.3 × சென்சார் அளவு ÷ ஃபோகல் லெங்த்னு போட்டா போதும். 57.3 எங்கிருந்து வந்துச்சுன்னா, ஒரு ரேடியன் 57.3 டிகிரி.

நம்ம ஆளுங்க கிட்ட அதிகமா இருக்கிற செட்டப்பை எடுத்துக்குவோம். ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள கேனான் டிஎஸ்எல்ஆர், 22.3 × 14.9 மிமீ. கூடவே 55-250 லென்ஸ், 250-ல வெச்சு.

நீளப் பக்கம்: 57.3 × 22.3 ÷ 250 = 5.1 டிகிரி
குறுகின பக்கம்: 57.3 × 14.9 ÷ 250 = 3.4 டிகிரி

முழு நிலா வானத்துல அரை டிகிரி. அப்போ நம்ம ஃப்ரேமோட நீளத்துல 10 நிலாவை வரிசையா அடுக்கலாம். பரவாயில்லையே, பெரிய ஃப்ரேம்தான்!

அடுத்தது ஒரு பிக்சலுக்கு எவ்வளவு வானம்னு பார்க்கணும். இதை ஆர்க்செகண்ட்ல சொல்வாங்க. ஒரு டிகிரில 3600 ஆர்க்செகண்ட்.

பிக்சல் ஸ்கேல் = 206.265 × பிக்சல் அளவு (மைக்ரான்) ÷ ஃபோகல் லெங்த் (மிமீ)

18 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேனான்ல பிக்சல் அளவு சுமார் 4.3 மைக்ரான். 206.265 × 4.3 ÷ 250 = 3.55 ஆர்க்செகண்ட்.

இந்த ஒரு எண் நிறைய ஏமாற்றத்தைத் தவிர்க்கும். லைரா நட்சத்திரக் கூட்டத்துல இருக்கிற ரிங் நெபுலா, அதாவது எம் 57, ரொம்ப ஃபேமஸ். அதோட நீள விட்டம் கிட்டத்தட்ட 86 ஆர்க்செகண்ட். நம்ம செட்டப்புல அது 24 பிக்சல். 5184 பிக்சல் அகலப் படத்துல 24 பிக்சல்! வாட்ஸ்அப் டிபி-க்குக்கூட பத்தாது. இந்த லென்ஸுக்கு அது டார்கெட் இல்லைன்னு ஒரு வகுத்தல்ல தெரிஞ்சுபோச்சு.

ஒரு எச்சரிக்கை. கிராப் ஃபேக்டர்னு ஒண்ணு கேள்விப்பட்டிருப்பீங்க, கேனான் ஏபிஎஸ்-சிக்கு 1.6. "250 × 1.6 = 400, அதனால என் லென்ஸ் 400 மிமீ"ன்னு சாஃப்ட்வேர்ல 400 போடாதீங்க. சென்சாரோட நிஜ அளவைக் கொடுத்த உடனேயே கிராப் கணக்கு அதுக்குள்ள வந்துடுது. ரெண்டையும் போட்டா 5.1 டிகிரி 3.2 டிகிரியா சுருங்கிடும், பிளான் மொத்தமும் தப்பாயிடும்.

சாஃப்ட்வேர் உள்ளே என்ன நடக்குது?

மேல போட்ட கணக்கைத்தான் ஃப்ரேமிங் சாஃப்ட்வேரும் போடுது. போட்டு, அந்தச் செவ்வகத்தை நிஜ வானத்தோட படத்து மேல வரைஞ்சு காட்டுது. அந்த வானப் படம் எங்கிருந்து வருதுங்கிறது சுவாரசியமான கதை.

பெரும்பாலும் அது டிஜிட்டைஸ்டு ஸ்கை சர்வேயில இருந்து வரும். வட வானத்துக்கு அமெரிக்காவுல பாலோமர் மலையில இருக்கிற ஆஷின் ஷ்மிட் தொலைநோக்கி, தென் வானத்துக்கு ஆஸ்திரேலியாவுல சைடிங் ஸ்பிரிங்ல இருக்கிற யுகே ஷ்மிட் தொலைநோக்கி. இந்த ரெண்டும் கண்ணாடித் தட்டுல எடுத்த படங்களை, பால்டிமோர்ல உள்ள ஸ்பேஸ் டெலஸ்கோப் சயின்ஸ் இன்ஸ்டிட்யூட்ல ஸ்கேன் பண்ணாங்க. ஒவ்வொரு தட்டும் சுமார் 6.5 டிகிரி அகலம். ஸ்கேன் பண்ணதுக்கு ஒரு முக்கியக் காரணம், ஹப்பிள் தொலைநோக்கியைக் குறி வைக்க வழிகாட்டி நட்சத்திரப் பட்டியல் தேவைப்பட்டது. ஹப்பிளுக்கே முன்கூட்டியே பிளான் வேணும்னா நமக்கு வேண்டாமா?

வானத்துல ஒரு இடத்தைச் சொல்ல ரெண்டு எண்: ரைட் அசென்ஷன், டெக்லினேஷன். பூமியோட தீர்க்கரேகை, அட்சரேகை மாதிரியே. டெக்லினேஷன் டிகிரில, ரைட் அசென்ஷன் மணி-நிமிஷத்துல. 24 மணி 360 டிகிரி, அதனால 1 நிமிஷம் கால் டிகிரி. ஆனா இது வான நடுக்கோட்டு மேல மட்டும்தான் சரி. துருவத்துப் பக்கம் போகப் போகக் கோடுகள் நெருங்கிடும், அதனால டெக்லினேஷனோட கொசைனால பெருக்கணும். 60 டிகிரி டெக்லினேஷன்ல அதே 1 நிமிஷம் பாதியாயிடும். இதைக் கையால போடுறது போர், சாஃப்ட்வேர் தானாவே பார்த்துக்கும்.

மூணாவது எண்ணைத்தான் நிறைய பேர் கண்டுக்காம விட்டுடுவாங்க: பொசிஷன் ஆங்கிள், அதாவது ஃப்ரேம் எவ்வளவு சாய்ஞ்சிருக்குன்னு. வடக்குல ஆரம்பிச்சு கிழக்குப் பக்கமா அளக்கணும். இங்க ஒரு குழப்பம் வரும். வான மேப்புல வடக்கு மேலன்னா கிழக்கு இடது பக்கம் இருக்கும், நம்ம ஊர் மேப்புக்கு நேர் எதிர். மொட்டை மாடில தலையை வடக்கே வெச்சு மல்லாக்கப் படுத்துப் பாருங்க, இடது கை கிழக்கைக் காட்டும். தரை மேப்பை மேல இருந்து குனிஞ்சு பார்க்கிறோம், வான மேப்பைக் கீழ இருந்து அண்ணாந்து பார்க்கிறோம். அதான் விஷயம். (வடக்கே தலை வெச்சுப் படுக்காதேன்னு பாட்டி திட்டினா, அஞ்சு நிமிஷம் அறிவியலுக்காகன்னு சொல்லிக்கோங்க.)

எந்த சாஃப்ட்வேர்?

காசு கொடுக்க வேண்டியதே இல்ல. கீழ இருக்கிற மூணும் இலவசமாவே பயன்படுத்தலாம்.

*ஸ்டெல்லேரியம்.* விண்டோஸ், லினக்ஸ், மேக் மூணுலயும் ஓடும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். ஒரு தடவை இன்ஸ்டால் பண்ணிட்டா நெட் இல்லாமலும் வேலை செய்யும், மலை மேல இது பெரிய உதவி. செட்டிங்ஸ்ல பிளகின்ஸ் பகுதிக்குப் போய் ஆக்யுலர்ஸை ஆன் பண்ணி, ஒரு தடவை மூடித் திறங்க. அதுல சென்சார் அளவு, பிக்சல் எண்ணிக்கை, ஃபோகல் லெங்த் கொடுத்தா, வானத்து மேல சிவப்புச் செவ்வகம் வரும். சாய்வையும் மாத்தலாம்.

*டெலஸ்கோபியஸ்.* பிரவுசர்லயே திறக்கிற தளம். டார்கெட் பேரைத் தேடி, கேமராவையும் லென்ஸையும் கொடுத்தா நிஜ சர்வே படத்து மேல ஃப்ரேமைக் காட்டும். இழுக்கலாம், சுத்தலாம். அந்த ராத்திரி அது எத்தனை மணிக்கு எவ்வளவு உயரத்துல இருக்கும்னு கிராஃபும் போடும். முதல் தடவை பண்றவங்க இங்கிருந்து ஆரம்பிக்கிறது நல்லது.

*நினா.* விண்டோஸ்ல மட்டும் ஓடும். கேமரா, மோட்டார் மவுன்ட் எல்லாத்தையும் கேபிள்ல இணைச்சுக் கட்டுப்படுத்துற பெரிய மென்பொருள். இதோட ஃப்ரேமிங் அசிஸ்டன்ட்ல செவ்வகத்தை வெச்சுட்டா, மவுன்ட்டையே அந்த இடத்துக்குத் திருப்பி நடுவுல நிறுத்தும். கோ-டூ மவுன்ட் இருந்தா மட்டும் இந்தப் பக்கம் வாங்க.

மூணுல எதை எடுத்தாலும் முதல் வேலை ஒண்ணுதான்: சாஃப்ட்வேர் காட்டுற பார்வைக் கோணமும் பேப்பர்ல நீங்க போட்ட 5.1 × 3.4-ம் ஒத்துப்போகுதான்னு பாருங்க. ஒத்துப்போகலைன்னா எங்கேயோ தப்பான எண் போட்டிருக்கீங்க.

ஒரு முழு உதாரணம்: ஓரியன்

மார்கழி, தை மாசத்துல வானத்துல மூணு நட்சத்திரம் வரிசையா நிக்குமே, அதுதான் ஓரியனோட பெல்ட். நம்ம திருவாதிரை நட்சத்திரமும் இந்தக் கூட்டத்துலதான் இருக்கு. பெல்ட்டுக்குத் தெற்கே மங்கலாத் தெரியுற புகை மாதிரியான புள்ளி ஓரியன் நெபுலா, எம் 42. பெல்ட்டோட கிழக்கு நட்சத்திரம் அல்நிடாக். அதுக்குப் பக்கத்துலயே ஃப்ளேம் நெபுலா, கொஞ்சம் தெற்கே குதிரைத் தலை நெபுலா.

கேள்வி: 250 மிமீ லென்ஸ்ல எம் 42, குதிரைத் தலை, ஃப்ளேம் மூணையும் ஒரே ஃப்ரேம்ல பிடிக்க முடியுமா?

தரவு இதோ.

எம் 42: ரைட் அசென்ஷன் 5 மணி 35.3 நிமிஷம், டெக்லினேஷன் −5.4 டிகிரி
குதிரைத் தலை: 5 மணி 41 நிமிஷம், −2.5 டிகிரி
ஃப்ளேம்: 5 மணி 41.7 நிமிஷம், −1.85 டிகிரி

இது எல்லாமே வான நடுக்கோட்டுக்குப் பக்கத்துல இருக்கிறதால கொசைன் தொல்லை இல்ல. நெபுலாவோட உடம்பையும் சேர்த்து அளந்தா, வடக்கு-தெற்கா −6.0-ல இருந்து −1.6 வரைக்கும், அதாவது 4.4 டிகிரி வேணும். கிழக்கு-மேற்கா சுமார் 2.5 டிகிரி வேணும்.

முதல் முயற்சி: நீளப் பக்கத்தைக் கிழக்கு-மேற்கா வைப்போம். வடக்கு-தெற்கா கிடைக்கிறது 3.4 டிகிரிதான், வேண்டியது 4.4. அடங்காது. எம் 42-வை முழுசா உள்ளே கொண்டுவந்தா ஃப்ளேம் வெளியே போயிடும். இருட்டுல, வியூஃபைண்டர்ல நெபுலா எதுவும் ஒழுங்காத் தெரியாத நிலையில, இதைக் கண்டுபிடிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க.

ரெண்டாவது முயற்சி: நீளப் பக்கத்தை வடக்கு-தெற்கா திருப்புவோம். 5.1-ல 4.4 அடங்கும், 3.4-ல 2.5 அடங்கும். பாஸ்! மையம் 5 மணி 38 நிமிஷம், −3.8 டிகிரி.

பேப்பர் கணக்கோட நின்னா இங்கேயே சந்தோஷமா மூடி வெச்சிருப்போம். சாஃப்ட்வேர்ல வரைஞ்சு பார்த்தாத்தான் இன்னொண்ணு தெரியும். இந்த ஃப்ரேமோட வடக்கு விளிம்பு −1.25 டிகிரில விழுது. பெல்ட்டோட நடு நட்சத்திரமான அல்நிலம் இருக்கிறது −1.20-ல. அதாவது ஃப்ரேமுக்கு வெறும் 3 ஆர்க்மினிட் வெளியே! அல்நிலம் வானத்துல நல்லா ஜொலிக்கிற நட்சத்திரங்கள்ல ஒண்ணு. விளிம்புல அதோட ஒளிவட்டம் பாதியா வெட்டுப்பட்டு நிக்கும். படத்தைப் பார்க்கிறவங்க கண்ணு நெபுலாவை விட்டுட்டு அங்கேதான் போகும்.

மூணாவது முயற்சி: சாய்ப்போம். எம் 42-ல இருந்து ஃப்ளேமுக்குக் கோடு போட்டா, அது நேர் வடக்கா போகல. வடக்குல இருந்து கிழக்கா சுமார் 24 டிகிரி சாய்ஞ்சு போகுது. ஃப்ரேமோட நீளப் பக்கத்தையும் கிட்டத்தட்ட அதே கோணத்துக்கு, ஒரு 25 டிகிரிக்குச் சாய்ச்சா, நீளவாக்குல 4.7 டிகிரி தேவைப்படுது. 5.1-க்குள்ள வருது, ரெண்டு முனையிலயும் 0.2 டிகிரி மிச்சம். இப்போ அல்நிலம் வடமேற்கு மூலையில ஃப்ரேமுக்கு உள்ளே வந்துடுது. செவ்வகத்தை மேற்கே ஒரு 0.3 டிகிரி நகர்த்தினா, பக்கவாட்டு விளிம்புல இருந்து அரை டிகிரி தள்ளி நிம்மதியா நிக்குது.

பெல்ட்டோட மூணாவது நட்சத்திரம் மின்டாகா நல்லா வெளியே இருக்கு, தொல்லை இல்ல. பெல்ட் நட்சத்திரம் ரெண்டு மேல, எம் 42 கீழ, நடுவுல குதிரைத் தலை. இதுதான் நம்ம ஃப்ரேம். லேப்டாப்ல மூணு தடவை செவ்வகத்தை இழுக்க அஞ்சு நிமிஷம் ஆகியிருக்கும்.

அந்த 0.2 டிகிரி மிச்சம் போதுமா? நம்ம ஸ்கேல்ல அது சுமார் 200 பிக்சல். ராத்திரி முழுக்க எடுக்கிற படங்களை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கும்போது ஓரம் கொஞ்சம் வெட்டுப்படும், அதுக்கு இது தாங்கும். இதை விடக் குறைச்சு வைக்காதீங்க.

மேப் காட்டாத விஷயங்கள்

செவ்வகம் அழகா விழுந்துடுச்சுன்னு மட்டும் கிளம்பிடாதீங்க. இன்னும் மூணு செக் இருக்கு.

ஒண்ணு, உயரம். ஒரு பொருள் உச்சில இருக்கும்போது எவ்வளவு உயரம்னு கண்டுபிடிக்க, 90-ல இருந்து உங்க அட்சரேகைக்கும் அதோட டெக்லினேஷனுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழிங்க. 12 டிகிரி வட அட்சரேகையில நம்ம ஓரியன் ஃப்ரேம்: 12 − (−3.8) = 15.8. 90 − 15.8 = 74 டிகிரி. கிட்டத்தட்ட தலைக்கு மேல, சூப்பர். 30 டிகிரிக்குக் கீழ போனா காற்று மண்டலம் வெளிச்சத்தை நிறைய விழுங்கிடும். ஓரியன் உச்சிக்கு வர்றதுக்கு முன்னாடியும் பின்னாடியும் கிட்டத்தட்ட 4 மணி நேரம் அந்த அளவுக்கு மேல இருக்கும். பிப்ரவரி நடுவுல அது ராத்திரி எட்டேகாலுக்கு உச்சிக்கு வரும், அதனால இருட்டினதுல இருந்து நள்ளிரவு வரைக்கும் ஷூட் பண்ணலாம். மாசி மாச சிவராத்திரி அமாவாசைக்கு முந்தின ராத்திரியை ஒட்டித்தான் வரும். ஊரே முழிச்சிருக்கும், நீங்களும் முழிச்சிருங்க.

ரெண்டு, டிராக்கிங். பூமி சுத்துறதால வானம் 4 நிமிஷத்துக்கு 1 டிகிரி நகரும். நம்ம ஃப்ரேமோட குறுகின பக்கமே 3.4 டிகிரி. வெறும் டிரைபாட்ல வெச்சா, ஒரு டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள டார்கெட் ஃப்ரேமை விட்டே போயிருக்கும். போதாக்குறைக்கு 250 மிமீ-ல ஒரே செகண்ட்ல நட்சத்திரம் 4 பிக்சல் இழுபடும். அதனால இந்த பிளானுக்கு ஸ்டார் டிராக்கர் கட்டாயம். டிராக்கர் இல்லாதவங்க 50 மிமீ லென்ஸுக்கு பிளான் போடுங்க. அதோட ஃப்ரேம் 25 × 17 டிகிரி, நீளப் பக்கத்தை வடக்கு-தெற்கா வெச்சா ஓரியனோட முழு உருவமும் அடங்கும். டிராக்கரைச் சீரமைக்கத் துருவ நட்சத்திரம் வேணும், நம்ம ஊர்ல அது அடிவானத்துல இருந்து 12 டிகிரி உயரத்துலதான் இருக்கும். அதனால வடக்குப் பக்கம் மரம், மலை மறைக்காத இடமாப் பார்த்து வைங்க.

மூணு, எதிர்பார்ப்பு. சாஃப்ட்வேர்ல தெரியுற படம் பெரிய தொலைநோக்கி எடுத்தது. உங்க கேமராவுல அதே மாதிரி வராது. முக்கியமா, குதிரைத் தலைக்குப் பின்னாடி இருக்கிற சிவப்பு, ஹைட்ரஜன் ஆல்ஃபா ஒளி, 656.3 நானோமீட்டர். சாதாரண டிஎஸ்எல்ஆர் சென்சாருக்கு முன்னாடி இருக்கிற ஃபில்டர் அதுல பெரும்பகுதியைத் தடுத்துடும். எம் 42 பளிச்சுன்னு வரும், குதிரைத் தலை வர நிறைய எக்ஸ்போஷர் வேணும். அதனால மங்கலா வரப்போற பொருளை மட்டும் நம்பி ஃப்ரேம் போடாதீங்க, ஒரு பளிச்சான பொருளும் உள்ளே இருக்கட்டும்.

களத்துல: ஃப்ரேம் சரியா விழுந்துச்சான்னு எப்படித் தெரியும்?

பிளான்ல 25 டிகிரின்னு எழுதியாச்சு. மலை மேல இருட்டுல 25 டிகிரியை எதை வெச்சு அளக்கிறது? புரோட்ராக்டரா?

இங்கதான் பிளேட் சால்விங் வருது. ஒரு 10 செகண்ட் படம் எடுத்து சாஃப்ட்வேர்கிட்ட கொடுத்தா, "நீ பார்க்கிறது வானத்துல இந்த இடம், இவ்வளவு சாய்வு, ஒரு பிக்சலுக்கு இத்தனை ஆர்க்செகண்ட்"னு சொல்லிடும். எங்க எடுத்தது, எப்போ எடுத்ததுன்னு எதையும் நாம சொல்லவே வேண்டாம்!

இது வேலை செய்யுற விதம் சிஎஸ்இ மக்களுக்குப் பிடிக்கும். ஆஸ்ட்ரோமெட்ரி டாட் நெட் என்கிற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை எடுத்துக்கோங்க. படத்துல நாலு நாலு நட்சத்திரமா எடுக்கும். அதுல ரொம்ப தூரத்துல இருக்கிற ரெண்டை எதிர் எதிர் மூலையா வெச்சு ஒரு அளவுகோல் கட்டும். மத்த ரெண்டு நட்சத்திரமும் அந்த அளவுகோல்ல எங்க இருக்குன்னு பார்த்தா நாலு எண் கிடைக்கும். படத்தைப் பெருசாக்கினாலும், சுருக்கினாலும், சுத்தினாலும் அந்த நாலு எண் மாறாது. வானம் முழுக்க இப்படி முன்னாடியே கணக்குப் போட்டு இன்டெக்ஸ் வெச்சிருப்பாங்க. உங்க படத்தோட எண்களை அதுல தேடி, கிடைச்ச இடத்தை மத்த நட்சத்திரங்களை வெச்சுச் சரிபார்க்கும். சுருக்கமாச் சொன்னா ஹாஷிங்தான். மலை மேல நெட் கிடைக்காதுன்னா ஏஎஸ்டேப் என்கிற இலவச மென்பொருளை நட்சத்திரப் பட்டியலோட முன்னாடியே லேப்டாப்ல போட்டு வெச்சுக்கோங்க.

இப்போ வேலை சுலபம். டெஸ்ட் ஷாட், சால்வ், வித்தியாசத்தைப் பார், கேமராவைச் சுத்து, மறுபடி டெஸ்ட் ஷாட். மூணு நாலு தடவைல வந்துடும். ஒரு விஷயத்தைக் கவனிங்க: ஆஸ்ட்ரோமெட்ரி டாட் நெட் சொல்ற கோணம் படத்தோட மேல் பக்கம் எந்தத் திசைன்னு சொல்லுது. நாம 25 டிகிரின்னு முடிவு பண்ணது நீளப் பக்கத்துக்கு. சாதாரணமா எடுத்த அகலப் படத்துல மேல் பக்கம் நீளப் பக்கத்துக்குச் செங்குத்து. அதனால அங்க 115 அல்லது 295 காட்டணும். ரெண்டுக்கும் 180 வித்தியாசம், படம் தலைகீழா இருக்கும், அவ்வளவுதான்.

சால்விங்ல இன்னொரு லாபமும் இருக்கு. ஜூம் லென்ஸ்ல 250-ன்னு எழுதியிருந்தாலும் நிஜம் சில சதவீதம் மாறலாம். சால்வ் பண்ணப்போ ஸ்கேல் 3.55-க்குப் பதிலா 3.65-ன்னு வந்துச்சுன்னு வைங்க. 206.265 × 4.3 ÷ 3.65 = 243. உங்க லென்ஸோட நிஜ ஃபோகல் லெங்த் 243 மிமீ. அல்நிலம் வெறும் 3 ஆர்க்மினிட் தள்ளி நின்ன மாதிரியான கேஸ்ல, இந்த 7 மிமீ அதை உள்ளேயோ வெளியேயோ தள்ளிடும். அதனால மலைக்குப் போறதுக்கு முன்னாடியே, ஹாஸ்டல் மாடில இருந்து பளிச்சுன்னு தெரியுற நட்சத்திரக் கூட்டத்தை ஒரு படம் எடுத்து சால்வ் பண்ணி, நிஜ எண்ணை பிளான்ல போடுங்க.

ஒரு ஃப்ரேம்ல அடங்கலைன்னா

மொசைக் போடலாம், ரெண்டு மூணு ஃப்ரேமா எடுத்து ஒட்டுறது. பக்கத்துப் பக்கத்து ஃப்ரேம் 10-ல இருந்து 20 சதவீதமாவது ஒண்ணு மேல ஒண்ணு ஏறணும், அப்போதான் ஒட்ட முடியும். டெலஸ்கோபியஸ், நினா ரெண்டுலயும் மொசைக் பிளான் வசதி இருக்கு. ஆனா ரெண்டு ஃப்ரேம்னா ஒவ்வொண்ணுக்கும் கிடைக்கிற எக்ஸ்போஷர் நேரம் பாதிதான். ஒரே ராத்திரி கையில இருக்கிறவங்க முடிஞ்ச வரைக்கும் ஒரே ஃப்ரேம்ல முடிக்கப் பாருங்க.

நீங்களே போட்டுப் பாருங்க

1. ஆன்ட்ரோமெடா கேலக்ஸி சுமார் 3.2 × 1 டிகிரி. அதே கேமரா, 600 மிமீ தொலைநோக்கி. ஒரே ஃப்ரேம்ல அடங்குமா?

விடை: ஃப்ரேம் 2.1 × 1.4 டிகிரி. மூலைவிட்டமே 2.6-க்குக் கீழ. எப்படிச் சாய்ச்சாலும் அடங்காது. 15 சதவீதம் ஏத்தி ரெண்டு ஃப்ரேம் மொசைக் போட்டா நீளம் சுமார் 3.9 டிகிரி, போதும்.

2. ஒமேகா சென்டாரி, டெக்லினேஷன் −47.5 டிகிரி. 11 டிகிரி அட்சரேகையில உச்சத்துல எவ்வளவு உயரம்?

விடை: 90 − 58.5 = 31.5 டிகிரி. லண்டன்காரங்களுக்கு அடிவானத்துக்கு மேலேயே வராத பொருள், நமக்குத் தெற்குப் பக்கம் திறந்த இடம் இருந்தா ஏப்ரல், மே மாசத்துல கிடைக்கும்.

கிளம்புறதுக்கு முன்னாடி

ஒரு பேப்பர்ல இதை எழுதி கேமரா பைல வைங்க: மையத்தோட ரைட் அசென்ஷன், டெக்லினேஷன். நீளப் பக்கத்தோட சாய்வு, சால்வர்ல காட்ட வேண்டிய கோணம். உச்சிக்கு வர்ற நேரம், 30 டிகிரிக்குக் கீழ போற நேரம். ஃப்ரேமோட ஒரு ஸ்கிரீன்ஷாட். போன் சார்ஜ் போயிடும், பேப்பர் போகாது.

எனக்கு இது கடைசி வருஷம். அடுத்த தை அமாவாசைக்கு எந்த ஊர்ல, எந்த ஷிஃப்ட்ல இருப்பேனோ தெரியல. இந்த ஓரியன் பிளானோட எண்கள் எல்லாம் மேலேயே இருக்கு. கேமரா வேறயா இருந்தா முதல் கணக்கை மட்டும் மாத்திப் போடுங்க, மீதி அப்படியே வரும். அடுத்த செமஸ்டர்ல யாராவது அந்த ரெண்டு பெல்ட் நட்சத்திரமும் உள்ளே இருக்கிற படத்தை இதே இதழ்ல போட்டீங்கன்னா, எங்க இருந்தாலும் பார்ப்பேன்.

கேலண்டர்ல அமாவாசை எப்பன்னு பார்த்துட்டு லேப்டாப்பைத் திறங்க.